அடுத்த புள்ளி

நுழையும்முன்

உடல் வலிமையும் கைவிரைவும் மட்டுமே ஒரு விளையாட்டு வீரரை உருவாக்குவதில்லை. நாள்தோறும் தவறாது மேற்கொள்ளும் பழக்கங்களும், தவறிழைத்த கணத்திலும் நிலைகுலையாத மனமும் சேர்ந்தே அவரை உருவாக்குகின்றன. களத்தில் தனித்து நின்று ஆடும் டென்னிஸ் ஆட்டத்தில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். ஒரு டென்னிஸ் வீரர் எவ்வாறு பயில்கிறார், இழந்த புள்ளியை எவ்வாறு எதிர்கொள்கிறார் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கூடுதலாக எடுத்தவர் தோற்றார்

2019ஆம் ஆண்டு ஜூலை 14. இலண்டன் மாநகரின் விம்பிள்டன் புல்தரைக் களத்தில் ஆடவர் ஒற்றையர் இறுதிப்போட்டி நடைபெற்றது. சுவிட்சர்லாந்தின் ரோஜர் ஃபெடரரும் செர்பியாவின் நோவாக் ஜோகோவிச்சும் 4 மணி 57 நிமிடங்கள் போராடினர். ஆட்டம் முடிந்தபின் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தபோது ஃபெடரர் 218 புள்ளிகளும் ஜோகோவிச் 204 புள்ளிகளும் எடுத்திருந்தனர். ஆயினும் கோப்பையைப் பெற்றவர் ஜோகோவிச். பதினான்கு புள்ளிகள் கூடுதலாக எடுத்தவர் தோற்றார்.

இது எவ்வாறு நிகழ்ந்தது? டென்னிஸ் ஆட்டத்தின் கணக்கு முறையே இதற்கு விடையளிக்கும். இவ்வாட்டத்தில் புள்ளிகள் சேர்ந்து ஒரு கேம் ஆகும். கேம்கள் சேர்ந்து ஒரு செட் ஆகும். ஆறு கேம்களை வென்று, எதிராளியைவிட இரண்டு கேம்களாவது முன்னிலையில் இருப்பவருக்கே செட் உரியதாகும். இருவரும் ஆறு கேம்கள் எடுத்துச் சமநிலையில் நின்றால், டை-பிரேக்கர் என்னும் முறையால் அந்த செட்டின் வெற்றி முடிவு செய்யப்படும். ஒரு செட்டை 6-1 என எளிதாக வென்றாலும் 7-6 எனப் போராடி வென்றாலும் கணக்கில் அது ஒரு செட் மட்டுமே. அந்த இறுதிப்போட்டியில் 7-6, 1-6, 7-6, 4-6, 13-12 என்ற கணக்கில் ஜோகோவிச் வென்றார். அவர் வென்ற மூன்று செட்டுகளுமே டை-பிரேக்கரில் முடிவானவை. ஃபெடரர் தாம் வென்ற செட்டுகளில் புள்ளிகளைக் குவித்தார். ஜோகோவிச்சோ முடிவைத் தீர்மானிக்கும் இடங்களில் புள்ளிகளை எடுத்தார்.

ஐந்தாம் செட்டில் ஃபெடரர் 8-7 என முன்னிலையில் இருந்தபோது, இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் என்னும் நிலையை இருமுறை அடைந்தார். முதல் வாய்ப்பில் அவர் அடித்த பந்து பக்கக்கோட்டுக்கு வெளியே சென்றது. இரண்டாம் வாய்ப்பில் வலையை நோக்கி முன்னேறிய அவரைக் கடந்து செல்லுமாறு ஜோகோவிச் பந்தைக் குறுக்காக அடித்தார். தோல்வியின் விளிம்பில் நின்றவர் அந்த இரு புள்ளிகளையும் மற்றப் புள்ளிகளைப் போலவே எதிர்கொண்டு ஆடினார்.

பாதிக்குச் சற்று மேல்

ஃபெடரர் 2024ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றியபோது தம் ஆட்ட வாழ்வின் கணக்கொன்றை மாணவர்முன் வைத்தார். அவர் ஆடிய ஒற்றையர் போட்டிகள் 1526. அவற்றுள் ஏறத்தாழ 80 விழுக்காடு போட்டிகளில் அவர் வென்றார். ஆனால் அப்போட்டிகளில் ஆடப்பட்ட புள்ளிகளுள் அவர் வென்றவை 54 விழுக்காடு மட்டுமே.

இக்கணக்கு ஆழ்ந்து எண்ணத்தக்கது. உலகின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவர், நூறு புள்ளிகள் ஆடினால் அவற்றுள் நாற்பத்தாறை இழந்திருக்கிறார். பாதிக்குச் சற்று மேலாகப் புள்ளிகளை வென்றதே அவருக்கு ஐந்தில் நான்கு போட்டிகளைப் பெற்றுத் தந்தது. எனவே டென்னிஸ் பயில விரும்புவோர் இரண்டு உண்மைகளை மனங்கொள்ள வேண்டும். முதலாவது, ஆட்டத்தில் சிறிதளவு முன்னேற்றம் ஏற்பட்டாலும் அது முடிவில் பெருத்த மாற்றத்தை உண்டாக்கும். நூறு புள்ளிகளில் மூன்று நான்கை மட்டும் கூடுதலாக வெல்லக் கற்றவர், தோற்கும் வீரர் என்னும் நிலையிலிருந்து வெல்லும் வீரர் என்னும் நிலைக்கு மாறிவிடக்கூடும். இரண்டாவது, எத்துணைத் திறமை பெற்றவரும் பாதியளவு புள்ளிகளை இழந்தே தீர்வர். ஆகவே இழப்பைத் தாங்கிக்கொண்டு அடுத்த புள்ளியை ஆடுவதும் பயிற்சியால் பெறவேண்டிய திறனே ஆகும்.

முதல் உண்மை உடற்பயிற்சிக்கும் ஆட்டப்பயிற்சிக்கும் வழிகாட்டுகிறது. இரண்டாம் உண்மை மனப்பயிற்சிக்கு வழிகாட்டுகிறது. இவ்விரண்டையும் முறையே காண்போம்.

எண்ணிக்கையும் கவனமும்

நாளொன்றுக்கு ஆயிரம் பந்துகளை அடித்தால் ஆட்டம் தானே மேம்படும் எனப் பலர் கருதுகின்றனர். ஆயிரம் முறை அடித்த அடி தவறானதாக இருப்பின் அத்தவறே ஆயிரம் முறை உறுதிப்படும். திறன்களை மனிதர் எவ்வாறு பெறுகின்றனர் என்பதை ஆராய்ந்த உளவியல் அறிஞர் ஆண்டர்ஸ் எரிக்சன், வெறுமனே திரும்பத் திரும்பச் செய்வதையும் நோக்கத்துடன் பயில்வதையும் வேறுபடுத்திக் காட்டினார். நோக்கமுள்ள பயிற்சியில் தெளிவான இலக்கு இருக்கும். முழுக் கவனம் இருக்கும். செய்தது சரியா, தவறா என்பதை உடனே அறியும் வழி இருக்கும். அறிந்த தவறைத் திருத்தி மீண்டும் செய்யும் முயற்சி இருக்கும்.

சர்வீஸ் எனப்படும் தொடக்க அடியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கூடை நிறையப் பந்துகளை வைத்துக்கொண்டு, அவை எங்கே விழுகின்றன என்று பாராமலே அடித்துத் தீர்க்கிறார். மற்றொருவர் எதிர்ப்பக்கத்துச் சர்வீஸ் கட்டத்தின் மூலையில் ஓர் அடையாளத்தை வைக்கிறார். பத்துப் பந்துகளை அடிக்கிறார். அவற்றுள் எத்தனை அடையாளத்தின் அருகே விழுந்தன என எண்ணுகிறார். நான்கு மட்டுமே விழுந்திருந்தால், மற்ற ஆறும் வலையில் பட்டனவா, கோட்டைத் தாண்டினவா என்று பார்க்கிறார். வலையில் பட்டவை மிகுதி எனில், பந்தை மேலே எறிந்த இடம் முன்னே தள்ளிப்போயிற்றா என ஆராய்கிறார். பிறகு பந்தை எறியும் செயலை மட்டும் தனியே பழகுகிறார். இதற்கு மட்டையும் வேண்டா, எதிராளியும் வேண்டா. இருவரும் செலவிட்ட நேரம் ஒன்றே. ஆனால் கற்றவர் இரண்டாமவரே.

பயிற்சியின் வரிசையும் கருதத்தக்கது. ஒரே வகை அடியை ஐம்பது முறை தொடர்ந்து அடித்தால் அன்றைய பயிற்சி மிக நன்றாக அமைந்ததுபோல் தோன்றும். ஆனால் போட்டியில் ஒரே வகைப் பந்து ஐம்பது முறை வருவதில்லை. உயர்ந்து எழும் பந்தும் தாழ்ந்து வரும் பந்தும், வலப்புறத்துப் பந்தும் இடப்புறத்துப் பந்தும் மாறி மாறி வரும். ஆதலால் அடிப்படை அசைவு ஓரளவு கைவந்த பின்னர், வெவ்வேறு அடிகளைக் கலந்து பயில்வது நலம். கலந்து பயிலும்போது தவறுகள் மிகும். பயில்பவருக்குச் சலிப்பும் தோன்றும். எனினும் ஒவ்வொரு பந்துக்கும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருப்பதால் அவ்வாறு கற்றது நெடுநாள் நிலைக்கும். பயிற்சிக்களத்தில் அழகாகத் தோன்றுவதைக் காட்டிலும் போட்டிக்களத்தில் உதவுவதையே தேர்ந்தெடுப்பது நல்ல பழக்கமாகும்.

களத்துக்குச் செல்ல இயலாத நாள்களில் ஒரு சுவரும் நல்ல துணையாகும். சுவரில் கோடு வரைந்து, அக்கோட்டுக்கு மேலே படுமாறு இடைவிடாது இருபது முறை அடிப்பது எளிய செயலன்று. எந்தக் கோணத்தில் அடித்தோமோ அதற்கேற்பவே பந்து திரும்பி வரும். செய்த தவறை அது உடனுக்குடன் காட்டிவிடும்.

காலில் தொடங்கும் ஆட்டம்

டென்னிஸ் கையால் ஆடப்படுவதாகத் தோன்றினாலும் அது காலில் தொடங்குகிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சர்வீஸ், அடிக்கப்பட்டதிலிருந்து ஏறத்தாழ அரை நொடியில் எதிர்முனையை எட்டிவிடும். பந்து அருகில் வந்தபின் ஓடத் தொடங்குபவரால் அதனை எட்ட இயலாது. எனவே எதிராளி பந்தை அடிக்கும் கணத்தில் வீரர் இரு கால்களாலும் சிறிதே துள்ளி, முழங்கால்கள் சற்று மடங்கிய நிலையில் தரையில் ஊன்றுகிறார். இச்சிறு துள்ளலால் உடல் எத்திசையிலும் உடனே பாய்வதற்கு அணியமாகிறது. ஒவ்வொரு பந்துக்கும் ஒருமுறை என, ஒரு போட்டியில் நூற்றுக்கணக்கான முறை இதனைச் செய்ய வேண்டும். களைப்படைந்த வீரர் முதலில் கைவிடுவதும் இதனையே. இதனை எண்ணாமலே செய்யும் அளவுக்குப் பழகியவர், ஐந்தாம் செட்டிலும் பந்தை உரிய நேரத்தில் சென்றடைவார்.

அடியின் விசையும் காலிலிருந்தே பிறக்கிறது. தரையை உந்தும் காலின் ஆற்றல் இடுப்புக்கும், இடுப்பிலிருந்து உடற்பகுதிக்கும், அங்கிருந்து தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் வழியாக மட்டைக்கும் சென்று சேர்கிறது. விளையாட்டு அறிவியலார் இதனை இயக்கச்சங்கிலி என்பர். சங்கிலியின் ஒரு கண்ணி தளர்ந்தால் அடுத்த கண்ணியின் சுமை மிகுகிறது. காலையும் இடுப்பையும் பயன்படுத்தாது தோளால் மட்டும் விசையைப் பெற முயல்பவருக்குப் பந்தின் வேகமும் குறையும், தோளும் துன்புறும். ஓட்டம், கயிறு தாண்டுதல், தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சிகள் ஆகியன இதனாலேயே டென்னிஸ் பயிற்சியின் பகுதிகளாக விளங்குகின்றன. போதிய உறக்கமும் ஓய்வும் இப்பயிற்சிகளோடு சேர்த்து எண்ணத்தக்கவை. வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடுவது உறுதியின் அடையாளம் எனக் கருதி, வளரும் பருவத்தில் தோளையும் முழங்கையையும் கெடுத்துக்கொள்வோர் உண்டு. வலி தோன்றும்போது நிறுத்துவதும் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கமே.

தெரிந்து தெளிவோம்

டென்னிஸ் களத்தின் நீளம் 23.77 மீட்டர். ஒற்றையர் ஆட்டத்திற்குரிய அகலம் 8.23 மீட்டர்; இரட்டையர் ஆட்டத்திற்குரிய அகலம் 10.97 மீட்டர். வலையின் உயரம் நடுவில் 91.4 செ.மீ.; இருபுறக் கம்பங்களில் 107 செ.மீ. ஒரு கேமில் முதல் மூன்று புள்ளிகள் 15, 30, 40 என்று எண்ணப்படும். இருவரும் 40 எடுத்துச் சமநிலையில் நின்றால், அடுத்தடுத்து இரு புள்ளிகள் எடுப்பவரே அந்த கேமை வெல்வார்.

எந்தப் பந்தை எங்கே அடிப்பது?

டென்னிஸ் ஆட்டத்தைப் பயிலத் தொடங்கிய இளையோர் ஆடும் ஆட்டங்களைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். எதிராளி எட்ட இயலாதவாறு அடித்து வெல்லும் புள்ளிகள் குறைவு. எளிதில் திருப்பக்கூடிய பந்தை வலையிலோ கோட்டுக்கு வெளியிலோ அடித்து இழக்கும் புள்ளிகளே மிகுதி. ஆகவே தவறுகளைக் குறைப்பதே முன்னேற்றத்தின் முதற்படியாகும். தவறுகளைக் குறைப்பதற்கு அஞ்சி அஞ்சி மெல்ல அடிக்க வேண்டும் என்பது பொருளன்று. எந்த நிலையில் எந்த அடி பொருத்தமானது என்று அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

களத்தின் அளவுகளே இதற்குத் துணைசெய்கின்றன. பந்தைக் கோட்டையொட்டி நேராக அடித்தால் அது கடக்கக்கூடிய தொலைவு 23.77 மீட்டர். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக அடித்தால் கிடைக்கும் தொலைவு 25 மீட்டரைச் சற்றே தாண்டும். பந்து விழுவதற்கு ஒரு மீட்டருக்கும் மேலான இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. மேலும், குறுக்காகச் செல்லும் பந்து வலையைக் கடக்கும் நடுப்பகுதியில் வலையின் உயரமும் ஏறத்தாழ 15 செ.மீ. குறைவாக உள்ளது. இடம் மிகுதி, தடை குறைவு. நிலைகுலைந்து ஓடிச்சென்று பந்தை எட்டும்போது குறுக்காக அடிப்பதும், காலூன்றி நின்று அடிக்க நேரம் கிடைக்கும்போது நேர்க்கோட்டில் அடிப்பதும் இக்காரணத்தாலேயே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. இவ்வாறு முன்னரே தேர்ந்து பழகியவர், நெருக்கடியில் புதிதாகச் சிந்திக்க வேண்டிய தேவை இல்லை.

இருபத்தைந்து நொடிகள்

ஒரு டென்னிஸ் போட்டியில் பந்து ஆட்டத்தில் இருக்கும் நேரத்தைவிட, ஆட்டத்தில் இல்லாத நேரமே மிகுதி. தொழில்முறைப் போட்டிகளில் ஒரு புள்ளி முடிந்ததற்கும் அடுத்த புள்ளி தொடங்குவதற்கும் இடையே 25 நொடிகள் வழங்கப்படுகின்றன. அந்த 25 நொடிகளில் வீரர் என்ன செய்கிறார் என்பதே அவருடைய மனப்பயிற்சியைக் காட்டும்.

பழகாத மனம் அந்நேரத்தில் பின்னோக்கி ஓடும். சற்றுமுன் இழைத்த தவறை மீண்டும் மீண்டும் காணும். அல்லது முன்னோக்கி ஓடும். தோற்றால் என்னவாகும் என அஞ்சும், வென்றால் என்னவாகும் எனக் கனவு காணும். இரண்டிலும் மனம் நிகழ்காலத்தில் இல்லை. அமெரிக்க விளையாட்டு உளவியலர் ஜிம் லேயர் சிறந்த வீரர்கள் புள்ளிகளுக்கு இடையே எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதைக் கவனித்து, அந்நடத்தையை நான்கு படிகளாக வகுத்தார். முதற்படி, முடிந்த புள்ளியை ஏற்றுக்கொண்டு நிமிர்ந்து திரும்பி நடத்தல். இரண்டாம் படி, மூச்சைச் சீராக்கி உடல் இறுக்கத்தைத் தளர்த்துதல். மூன்றாம் படி, அடுத்த புள்ளியில் செய்யவிருப்பதை முடிவு செய்தல். நான்காம் படி, பந்தைத் தரையில் தட்டுதல் போன்ற மாறாத சில செயல்களைச் செய்து ஆட்டத்துள் நுழைதல்.

ஸ்பெயின் நாட்டு வீரர் ரஃபேல் நடால் ஓய்வு இருக்கையின்முன் தண்ணீர்ப் புட்டிகளை எப்போதும் ஒரே முறையில் வைத்ததைக் கண்டு வியந்தோர் பலர். பார்ப்பவர்க்கு அது விந்தையாகத் தோன்றலாம். மாறிக்கொண்டே இருக்கும் ஆட்டத்தினிடையே மாறாத ஒரு செயலைச் செய்வது, சிதறும் மனத்தைத் தொகுத்து நிறுத்தும் வழியாகும். பிரித்தானிய வீரர் ஆண்டி மர்ரே தமக்குத்தாமே எழுதிக்கொண்ட குறிப்புத்தாள் ஒன்றை 2015ஆம் ஆண்டு போட்டியொன்றில் வைத்திருந்தார். கால்களை விரைவாக இயக்குதல், இயன்றதைச் செய்தல், தம்மிடம் தாமே கனிவாக இருத்தல் ஆகியவை அதில் இடம்பெற்றிருந்தன. கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்றவருக்கும் இத்தகைய எளிய நினைவூட்டல்கள் தேவைப்பட்டன.

இத்தகைய மனநிலை பிறப்பிலேயே அமைவது என எண்ணுதல் தவறு. அமைதிக்குப் பெயர்பெற்ற ஃபெடரர் இளம்பருவத்தில் சினம் கொண்டு மட்டையை வீசி எறிபவராகவே இருந்தார். தம் நடத்தை தம் ஆட்டத்தையே கெடுப்பதை உணர்ந்து, சிறிது சிறிதாக அவர் அதனை மாற்றிக்கொண்டார்.

கை நடுங்கும் கணம்

மாடிப்படியில் நாள்தோறும் இறங்குபவர் தம் காலடியை எண்ணுவதில்லை. ஒவ்வோர் அடியையும் எண்ணிக்கொண்டு இறங்க முயன்றால் தடுமாறுவார். முக்கியமான புள்ளியில் வீரருக்கு நேர்வதும் இதுவே. தவறிவிடக் கூடாது என்னும் அச்சத்தால், தானாக நிகழ்ந்துவந்த அசைவைக் கட்டுப்படுத்த முயல்கிறார். கை இறுகுகிறது, மட்டையின் வீச்சு தளர்கிறது, பந்து வலையில் படுகிறது.

செக் நாட்டு வீராங்கனை யானா நவோட்னா 1993ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதிப்போட்டியில் ஜெர்மனியின் ஸ்டெஃபி கிராஃபை எதிர்த்து ஆடினார். மூன்றாம் செட்டில் நவோட்னா 4-1 என முன்னிலையில் இருந்தார். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் 5-1 என்னும் நிலையில் அவர் அடித்த இரு சர்வீஸ்களும் தவறின. அந்த இரட்டைத் தவறுக்குப் பின் ஆட்டம் அவர் கையைவிட்டு நழுவியது. தொடர்ந்து ஐந்து கேம்களை இழந்து அவர் தோற்றார். பரிசளிப்பின்போது கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அவர் அழுததை உலகமே கண்டது.

நவோட்னாவின் ஆட்டம் அத்துடன் முடியவில்லை. 1997ஆம் ஆண்டு மீண்டும் இறுதிக்கு வந்து மார்ட்டினா ஹிங்கிஸிடம் தோற்றார். 1998ஆம் ஆண்டு மூன்றாம் முறையாக இறுதிக்கு வந்தார். இம்முறை பிரான்சின் நதாலி தோசியாவை 6-4, 7-6 என்ற கணக்கில் வென்று, தம் 29ஆம் வயதில் விம்பிள்டன் பட்டத்தைப் பெற்றார். கை நடுங்கியதால் தோற்றவர் என்று ஐந்தாண்டுகள் பேசப்பட்டவர், அதே களத்துக்கு மீண்டும் வந்து வென்றார்.

நெருக்கடியைத் தாங்குவதற்கும் பயிற்சி உண்டு. ஒவ்வொரு கேமையும் 0-30 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து தொடங்கி ஆடலாம். முதல் சர்வீஸை விடுத்து இரண்டாம் சர்வீஸை மட்டும் கொண்டு ஒரு செட் முழுவதும் ஆடலாம். பத்துப் பந்துகளைத் தொடர்ந்து தவறின்றித் திருப்பும் வரை களத்தைவிட்டு நீங்குவதில்லை எனத் தமக்குத்தாமே விதித்துக்கொள்ளலாம். ஒன்பதாம் பந்தின்போது கை இறுகுவதை அப்போது உணரலாம். இவ்வாறு பழகியவருக்குப் போட்டியில் வரும் நடுக்கம் புதியதாக இராது. நடுக்கம் நீங்காவிடினும் அதனோடு ஆட அவர் அறிவார்.

கல்கத்தாவில் ஒரு நாள்

பின்தங்கிய நிலையிலிருந்து மீண்ட ஆட்டங்களுள் இந்தியர் நெடுங்காலமாகப் போற்றிவரும் ஆட்டம் ஒன்று உண்டு. அதனை ஆடியவர் தமிழகம் தந்த வீரர் ராமநாதன் கிருஷ்ணன். டென்னிஸ் வீரரான அவருடைய தந்தை டி.கே. ராமநாதனே அவருக்கு ஆசானாக விளங்கினார். 1954ஆம் ஆண்டு விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற கிருஷ்ணன், 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் அரையிறுதிக்கு முன்னேறினார். அவருடைய சர்வீஸ் பெருவிசை உடையதன்று. பந்தை நினைத்த இடத்தில் விழச்செய்யும் நுட்பமும் எதிராளியின் அடியை முன்னுணரும் திறனுமே அவருடைய வலிமைகள். தம்மிடம் இல்லாததற்கு வருந்தாது இருப்பதைக் கூர்மையாக்கிக்கொண்டவர் அவர்.

1966ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பைப் போட்டியில் கல்கத்தாவில் இந்தியாவும் பிரேசிலும் மோதின. இரு நாடுகளும் இரண்டு ஆட்டங்களை வென்றிருந்த நிலையில், கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணன் தாமஸ் காக்கை எதிர்கொண்டார். மூன்று செட்டுகளின் முடிவில் இரண்டை இழந்திருந்தார். நான்காம் செட்டிலும் 2-5 எனப் பின்தங்கினார். இன்னும் ஒரு கேமை இழந்தால் இந்தியாவின் வாய்ப்பு முடிந்துவிடும். அந்நிலையில் அவர் தொடர்ந்து ஐந்து கேம்களை வென்று அந்த செட்டை 7-5 எனக் கைப்பற்றினார். ஐந்தாம் செட்டையும் 6-2 என வென்றார். டேவிஸ் கோப்பை வரலாற்றில் இந்தியா முதன்முறையாக இறுதிப்போட்டிக்குச் சென்றது.

அவ்வாண்டு டிசம்பரில் மெல்போர்னில் நடைபெற்ற இறுதிப்போட்டியில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 1-4 எனத் தோற்றது. அந்த ஒரு வெற்றியும் இரட்டையர் ஆட்டத்தில் ஜான் நியூகோம்ப், டோனி ரோச் இணையைக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் வென்றதால் கிடைத்தது. கோப்பை கிடைக்கவில்லை. ஆயினும் 2-5 என்னும் நிலையில் ஐந்து கேம்களையும் ஒரே நேரத்தில் வெல்ல முயலாது, ஒவ்வொரு புள்ளியாக ஆடி மீண்ட அந்த நாள் மறக்கப்படவில்லை.

தெரிந்து தெளிவோம்

• ராமநாதன் கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979ஆம் ஆண்டு விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் ஆகிய இரண்டிலும் இளையோர் பட்டம் வென்றார்.

• சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ் 1973, 1981 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் கால் இறுதியில் ஆடினார்.

• சென்னையில் பயிற்சி பெற்ற லியாண்டர் பயஸ் 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் வெண்கலப் பதக்கம் வென்றார்.

• ரோகன் போபண்ணா 2024ஆம் ஆண்டு, தம் 43ஆம் வயதில், ஆஸ்திரேலிய ஓப்பன் ஆடவர் இரட்டையர் பட்டத்தை வென்றார்.

தோல்விக்குப் பின்

தோற்ற நாளின் மாலைப்பொழுது வீரருக்கு மிக முக்கியமானது. களம் சரியில்லை, காற்று மிகுதி, நடுவர் தவறிழைத்தார் எனக் காரணம் தேடுவது எளிது. அக்காரணங்கள் உண்மையாகவே இருந்தாலும் அவற்றிலிருந்து அடுத்த போட்டிக்குக் கற்பதற்கு ஒன்றுமில்லை. தாம் திருத்தக்கூடியது எது என்னும் வினாவே பயன் தரும். எந்தப் பக்கத்துப் பந்துகளில் மிகுதியாகத் தவறு நேர்ந்தது? எந்த நிலையில் மனம் சிதறியது? எப்போது கால் ஓய்ந்தது? இவற்றை ஒரு குறிப்பேட்டில் நான்கைந்து வரிகளில் எழுதிவைப்பவருக்கு மறுநாள் பயிற்சி எதில் தொடங்க வேண்டும் என்பது தெளிவாகும். வென்ற நாளிலும் இவ்வாறே எழுத வேண்டும். வெற்றி மறைத்த தவறுகள் அப்போதே வெளிப்படும்.

எதிராளியைப் பகைவராகக் கருதாமையும் இதன் தொடர்ச்சியே. வலைக்கு அப்பால் நிற்பவர் திருப்பி அடிக்கும் ஒவ்வொரு பந்தும் இவருடைய ஆட்டத்தின் குறைகளைக் காட்டுகிறது. தம்மைவிட வலிமை குன்றியவரோடு மட்டும் ஆடி வெற்றிகளைச் சேர்ப்பவரைவிட, வலியவரோடு ஆடித் தோற்பவர் விரைவில் வளர்வதற்கு இதுவே காரணம். ஆட்டம் முடிந்ததும் இருவரும் வலையருகே சென்று கைகுலுக்கிக்கொள்ளும் மரபும் இதனையே உணர்த்துகிறது.

அடித்த பந்தை எவராலும் திரும்பப் பெற இயலாது. அடுத்த பந்து இன்னும் அடிக்கப்படவில்லை. வீரரின் கையில் உள்ளது அது ஒன்றே. பாதிப் புள்ளிகளை இழந்தும் முன்னேறியவர்கள் அதனை அறிந்தே ஆடினார்கள்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் விளையாடும் விளையாட்டில் அல்லது பயிலும் கலையில், வெறுமனே திரும்பச் செய்யும் பயிற்சியையும் நோக்கத்துடன் செய்யும் பயிற்சியையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ஒரு வார காலம் நீங்கள் மேற்கொண்ட பயிற்சியில் நேர்ந்த தவறுகளையும் அவற்றைத் திருத்தச் செய்த முயற்சிகளையும் நாள்தோறும் குறித்துவைத்து, வகுப்பறையில் பகிர்க.

3. ‘இழந்த புள்ளியைவிட அடுத்த புள்ளியே பெரிது’ – இக்கருத்து உங்கள் கல்விக்கு எவ்வாறு பொருந்தும் என்பது குறித்துக் கலந்துரையாடுக.